ஒற்றை இருக்கை காரில் ஒரு பெண்

ஆரம்பாக்கத்தில் பஸ் ஏறி கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, காரனோடை என்று சென்னைக்குப் போகிற எல்லோரும் சோழவரத்தைத் தாண்டித்தான் போகிறோம். அந்த ஊர் என்றால் ஏரி ஞாபகம் வரும். ஆனால் வீட்டில் அறுபது வயதைக் கடந்த யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், "சோழவரம் ரேஸ்" என்று உடனே சொல்வார்கள். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் போட்ட விமான ஓடுதளம் அங்கே இருந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1950-களில் தொடங்கி 80-களின் கடைசி வரை அதில்தான் கார், பைக் பந்தயங்களை நடத்தியது. பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரமான பந்தயத் தடம் வந்தது. இந்தியக் கார் பந்தயத்தின் பழைய வீடு, நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் இருந்தது.

அந்த விளையாட்டில் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் இந்த வாரக் கேள்வி.

டி.வி.யில் பார்த்திருப்பீர்கள், கூரை இல்லாமல், சக்கரம் நான்கும் வெளியே தெரிய, ஒரே ஒருவர் மட்டும் உட்காரும் கார். ஃபார்முலா கார் என்பார்கள். ஓட்டப்பந்தயம், பளுதூக்குதல் மாதிரி இதில் ஆண்கள் பிரிவு, பெண்கள் பிரிவு என்று கிடையாது. ஃபார்முலா ஒன் விதிகளில் பெண்ணுக்குத் தடை எதுவும் இல்லை. ஆனாலும் 1950-ல் உலக சாம்பியன்ஷிப் தொடங்கியதிலிருந்து பந்தயத்தில் இறங்கி ஓட்டிய பெண்கள் இரண்டே பேர்தான். இருவரும் இத்தாலிக்காரர்கள். 1958-ல் மரியா தெரெசா டி பிலிப்பிஸ், 1970-களில் லெல்லா லொம்பார்டி. 1975-ல் ஸ்பெயினில் நடந்த பந்தயம் ஒரு விபத்தால் பாதியில் நிறுத்தப்பட்டது. ஆறாவதாக வந்த லொம்பார்டிக்கு அரைப் புள்ளி கிடைத்தது. ஃபார்முலா ஒன்னில் இன்றுவரை பெண்கள் கணக்கில் இருப்பது அந்த அரைப் புள்ளி மட்டும்தான்.

சென்னைப் பெண்ணும் ஸ்பெயின் பெண்ணும்

நம் பக்கம் முதலில் சொல்ல வேண்டிய பெயர் சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா. சிறுமியாக இருக்கும்போதே கோ-கார்ட் ஓட்ட ஆரம்பித்து, பதின்ம வயதிலேயே ஃபார்முலா காரில் பையன்களோடு மோதியவர். அதன் பிறகு சூப்பர்பைக், மறுபடியும் கார் என்று இரண்டிலும் ஓட்டினார். நாட்டின் முதல் பெண் தேசிய ரேஸிங் சாம்பியன் என்று 2018-ல் குடியரசுத் தலைவர் கையால் விருது வாங்கினார். பெண்களுக்காகத் தனியாக ஒரு பயிற்சி அகாடமியும் தொடங்கினார். அவருடைய அப்பா ஆர்.ஏ.அப்துல்லா, பைக் பந்தயத்தில் பலமுறை தேசிய சாம்பியன்.

ஸ்பெயினில் மரியா டி வியோட்டா என்று ஒருவர் இருந்தார். அவருடைய அப்பா எமிலியோவும் ஃபார்முலா ஒன் வரை போனவர். மரியா 2012-ல் மருஸ்யா அணியின் சோதனை ஓட்டுநரானார். அந்த ஜூலையில் இங்கிலாந்தில் நடந்த சோதனை ஓட்டத்தில் விபத்து. வலது கண் போய்விட்டது. அதற்குப் பிறகும் வீட்டில் முடங்காமல், சாலைப் பாதுகாப்பு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். 2013 அக்டோபரில் 33 வயதில் இறந்துபோனார்.

இரண்டு கதையிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. அப்பாவுக்குத் தடம் தெரியும், மெக்கானிக்கைத் தெரியும், யாரிடம் பேச வேண்டும் என்பதும் தெரியும். சிப்காட்டில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிற அப்பாவின் மகளுக்கு அந்தக் கதவு எப்படித் திறக்கும்?

திறமையா, பணமா?

"பெண்களால் முடியாது, கழுத்து தாங்காது" என்று சிலர் சொல்வார்கள். வளைவில் திரும்பும்போது தலையை ஒரு பக்கமாக இழுக்கும் விசை கடுமையானது, உண்மைதான். சின்ன ஃபார்முலா கார்களில் பெரும்பாலும் பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது. ஆனால் அதற்கெல்லாம் உடற்பயிற்சி இருக்கிறது. ஆண் ஓட்டுநர்களும் அதைச் செய்துதான் ஓட்டுகிறார்கள்.

இதற்குச் சாட்சி தேடி வெளிநாடு போக வேண்டாம். எம்.ஆர்.எஃப். சேலஞ்ச் என்ற ஃபார்முலா 2000 போட்டியின் கடைசிச் சுற்று 2019 பிப்ரவரியில் நம் இருங்காட்டுக்கோட்டையில் நடந்தது. ஆண்களை எல்லாம் பின்னால் தள்ளிப் பட்டம் வென்றவர் இங்கிலாந்துப் பெண் ஜேமி சாட்விக். அந்தப் பட்டத்தை வென்ற முதல் பெண் அவர்தான். பிறகு பெண்களுக்கென்றே நடந்த டபிள்யூ சீரீஸில் மூன்று முறையும் அவரே சாம்பியன்.

அப்படிப்பட்டவருக்கே ஃபார்முலா ஒன் இருக்கை கிடைக்கவில்லை. அந்த டபிள்யூ சீரீஸும் பணம் இல்லாமல் 2022-ல் பாதியில் நின்றது. அடுத்த வருடம் எஃப் ஒன் அகாடமி வந்தது. அதன் முதல் சாம்பியன் ஸ்பெயினின் மார்த்தா கார்சியா. அந்த முதல் வருடம் ஓட்டுநர் தன் பங்காகக் கொண்டுவர வேண்டிய தொகை ஒன்றரை லட்சம் யூரோ. நம் கணக்கில் ஒரு கோடிக்கு மேல். அதுவும் பாதிச் செலவை அமைப்பே ஏற்றுக்கொண்ட பிறகு!

நம் ஊரில் செலவு அந்த அளவு இல்லை. கோவையின் எல்ஜிபி பெயரில் நடக்கும் ஃபார்முலா 4, மாருதி சுசூகி இன்ஜின் வைத்த, ஒப்பீட்டளவில் சிக்கனமான கார். அஹுரா ரேசிங் என்ற அணி அதில் பெண்களை மட்டுமே வைத்து இறங்கியது. வதோதராவைச் சேர்ந்த மீரா எர்டா, விமானியாக வேலை பார்த்துக்கொண்டே பந்தயம் ஓட்டிய ஸ்னேகா சர்மா போன்றவர்கள் ஃபார்முலா 4-ல் பெயர் வாங்கினார்கள். ஆனால் அதற்கு மேலே ஏறும் படியில்தான் பெண்கள் ஒவ்வொருவராக நிற்கிறார்கள். அடுத்த படிக்கு வேண்டியது ஸ்பான்சர். நாராயண் கார்த்திகேயனுக்கும் கருண் சந்தோக்குக்கும் ஸ்பெயினின் ஹிஸ்பானியா அணியில் இடம் கிடைத்தது. அந்த இடத்துக்கு வரும் முன் அவர்களுக்குப் பின்னால் எத்தனை வருட ஐரோப்பியப் பந்தய அனுபவம் இருந்தது! அந்த அனுபவத்துக்குச் செலவழிக்க, ஒரு பெண்ணை நம்பி யார் பணம் போடுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

மகள் கேட்டால் என்ன சொல்வது?

"எனக்கும் ரேஸ் ஓட்டணும்" என்று மகள் சொன்னால் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். முதல் படி கோ-கார்ட். எட்டு, ஒன்பது வயதிலேயே ஆரம்பிக்கலாம். இதற்கு ஆர்.டி.ஓ. லைசென்ஸ் தேவையில்லை. போட்டியில் இறங்க, இந்திய மோட்டார் விளையாட்டு சங்கங்களின் கூட்டமைப்பு தரும் தனி லைசென்ஸ் வேண்டும். ஹெல்மெட், தீப்பிடிக்காத உடை, தடத்தில் நிற்கும் மருத்துவக்குழு எல்லாம் அங்கே உண்டு. ஜி.என்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே பைக்கை முறுக்குவதற்குப் பெயர் ரேஸ் இல்லை. அதை மகனுக்கும் சேர்த்தே சொல்லுங்கள்.

செலவு கைமீறும் என்று தெரிந்தால் அதையும் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லலாம். ஓட்டுநர் இருக்கை ஒன்றுதான். அந்தக் காரைச் சுற்றி நிற்பவர்கள் பலர். ஃபார்முலா ஒன்னில் ஒரு ஓட்டுநரின் முழுநேர ரேஸ் இன்ஜினீயராக முதல் பெண், லாரா முல்லர், ஹாஸ் அணியில் 2025-ல் வந்தார். ரெட் புல் அணி எப்போது டயர் மாற்ற வேண்டும் என்று கணக்குப் போடுபவர் ஹன்னா ஷ்மிட்ஸ். மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் படிக்கும் பெண்கள் நம் கும்மிடிப்பூண்டி பக்கத்திலும் இருக்கிறார்கள். வாகன உதிரிபாகக் கம்பெனிகளில் அளவு பிசகாமல் வேலை செய்யும் பெண்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். அந்தக் கைகளுக்குப் பந்தயத் தடத்திலும் வேலை உண்டு.

அடுத்த முறை சோழவரம் வழியாகப் போகும்போது, அங்கே ஒரு காலத்தில் ரேஸ் நடந்தது என்று மகளிடம் சொல்லுங்கள். எங்கே, எப்படி என்று அவள் இரண்டாவது கேள்வி கேட்டால், இருங்காட்டுக்கோட்டையில் பந்தயம் நடக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஓட்டுகிறாளா இல்லையா என்பதை அவள் அப்புறம் முடிவு செய்துகொள்ளட்டும்.