எழுதித் தராத வேலைக்கு மெமோ எதற்கு?

பட்டயப் படிப்பென்றால் மூன்று ஆண்டு, பட்டமென்றால் நான்கு ஆண்டு. படித்து முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவும் செய்துகொண்டு வேலைக்குச் சேரும் இளம் செவிலியருக்குப் பல தனியார் மருத்துவமனைகள் முதல் நாளில் தருவது சீருடையும் அடையாள அட்டையும்தான். வேலை என்னவென்று கேட்டால், ‘இன்சார்ஜ் சிஸ்டர் சொல்வதைச் செய்யுங்கள்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இரவு டியூட்டியில் அவர் நிலையைப் பாருங்கள். ஊசி போடுவதும் சலைன் மாற்றுவதும் கேஸ் ஷீட் எழுதுவதும் அவர் படித்த வேலை. மருந்தகத்துக்கு இன்டென்ட் போடுவது, மிச்ச மருந்தைத் திருப்பிக் கணக்கு முடிப்பது, காப்பீட்டுக் கோப்புக்குத் தாள் சேர்ப்பது, முன்பணம் கட்டச் சொல்லி உறவினர்களிடம் பேசி வசவு வாங்குவது ஆகியவையும் அவர் தலையில்தான் விழுகின்றன. ஆயா வராவிட்டால் அந்த வேலையும் சேரும். டாக்டர் போனில் சொன்ன மருந்தைக் குறித்துக்கொண்டு கொடுக்கிறார். காலையில் அளவு தவறென்று தெரிந்தால், மெமோ யார் பெயருக்கு வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புதிய செவிலியர்கள் தொழிலை விட்டே போவது ஏன் என்று அமெரிக்க ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974லேயே நூல் எழுதினார். படித்த தொழிலுக்கும் வார்டில் பார்க்கும் வேலைக்கும் உள்ள இடைவெளியை அவர் சுட்டினார். நாமோ ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை’ என்று சொல்லிவிட்டு, செவிலியர் தினமான மே 12 அன்று ரோஜாப் பூ கொடுத்துக் கைதட்டுகிறோம்.

தமிழக அரசும் இதில் முன்மாதிரி அல்ல. 2015இல் தேர்வெழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்த செவிலியர்களுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய்தான் தொகுப்பூதியமாகத் தரப்பட்டது. நிரந்தரப் பணியாளர் பார்க்கும் அதே வேலையைப் பார்த்த அவர்கள், பணி நிரந்தரம் கேட்டு 2017இல் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்குநரக (டி.எம்.எஸ்.) வளாகத்தில் உட்கார நேர்ந்தது.

அவசரத்தில் எல்லாரும் எல்லாமும் செய்யத்தான் வேண்டும் என்பது மருத்துவமனை நிர்வாகங்களின் வாதம். உயிர் போகும் நேரத்தில் எந்தச் செவிலியரும் பணிப்பட்டியலைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். அன்றாடம் நடக்கும் பில்லிங் வேலைக்கும் அதே காரணம் சொல்வதுதான் பித்தலாட்டம். போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், பிற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அதை எட்டாத இடத்தில், எழுத்தர் வேலையையும் செவிலியரிடமே தள்ளினால் படுக்கையருகே யார் நிற்பது?

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகளை முறைப்படுத்த 1997லேயே சட்டம் வந்தது. விதிகள் வர 2018 ஆயிற்று. இன்னொரு இருபது ஆண்டு காத்திருக்க முடியாது. பணி ஆணையோடு தமிழில் பணிப்பட்டியல் தர வேண்டும். போனில் சொன்ன மருந்துக்கு மறுநாள் காலைக்குள் டாக்டர் கையெழுத்திட வேண்டும். முதல் மூன்று மாதம் புதியவரைத் தனியாக இரவு டியூட்டியில் விடக் கூடாது. மருத்துவமனையின் பதிவைப் புதுப்பிக்க இந்த மூன்றையும் நிபந்தனையாக்கி மக்கள் நல்வாழ்வுத் துறை அரசாணை வெளியிட வேண்டும். அதை அரசு மருத்துவமனைகளிலிருந்தே தொடங்க வேண்டும்.