சாத்தானின் சீடரா டாஷ்வுட்?

சர் பிரான்சிஸ் டாஷ்வுட் (1708–1781) என்றாலே நரக நெருப்புச் சங்கத்தின் தலைவர், குகைக்குள் சாத்தானை வழிபட்டவர், கணக்குத் தெரியாத நிதியமைச்சர் என்று எழுதிவிடுகிறார்கள். மூன்றில் கடைசிக் குற்றச்சாட்டு மட்டுமே ஓரளவு தேறும்.

அந்தப் பெயரில் சங்கம் நடத்தியவர் வார்ட்டன் கோமகன், 1720 வாக்கில். டாஷ்வுட் அப்போது சிறுவன். பின்னாளில் தேம்ஸ் கரையில் மெட்மனம் மடத்தில் அவர் கூட்டிய நண்பர் குழு தன்னை அப்படி அழைத்துக்கொள்ளவில்லை. அங்கே குடியும் காமக் களியாட்டமும் இருந்தன. துறவி வேடத்தில் கத்தோலிக்கச் சடங்குகளைக் கேலி செய்தார்கள். அதை மறுக்க முடியாது. சாத்தான் கதையைப் பரப்பியதோ சார்ல்ஸ் ஜான்ஸ்டனின் 'கிரைசல்' நாவலும், குழுவில் இருந்துவிட்டு அரசியல் எதிரியாக மாறிய ஜான் வில்க்ஸும். கற்பனையும் பகையும் சாட்சி ஆகுமா?

குகைகள் 1748 முதல் 1752 வரை தோண்டப்பட்டவை. விளைச்சல் பொய்த்த காலம் அது. வேலையற்ற ஊர்க்காரர்களுக்குக் கூலி கொடுத்து, மேற்கு விக்கம் குன்றைக் குடைந்து எடுத்த சுண்ணப்பாறையால் ஹை விக்கம் சாலையைப் போட்டார்.

1773இல் பெஞ்சமின் பிராங்க்ளினோடு சேர்ந்து ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலைச் சுருக்கினார். குளிர்ந்த தேவாலயத்தில் முதியவர்கள் நெடுநேரம் நடுங்கக் கூடாது, இளைஞர்களும் வர வேண்டும் என்பதற்காக. சாத்தானின் சீடன் செய்கிற வேலையா இது?

நிதியமைச்சராக (1762–63) அவர் தோற்றார்தான். ஆப்பிள் மதுவான சைடர் மீது போட்ட வரி கலகத்தைக் கிளப்பியது, 1766இல் நீக்கப்பட்டது. ஆனால் அதே ஆண்டில் அஞ்சல்துறைத் தலைவர்கள் இருவரில் ஒருவரானவர், சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அவரைத் தூற்றுகிறவர்கள் அட்மிரல் பிங் விவகாரத்தை மட்டும் ஏனோ தொடுவதில்லை. பிங் காக்கப் போன மினோர்க்கா தீவு பறிபோனதும் அரசுக்கு ஒரு பலிகடா தேவைப்பட்டது. பிங் கோழையல்ல, முழு முயற்சி செய்யத் தவறினார் என்றது ராணுவ நீதிமன்றம். சட்டப்படி மரண தண்டனை விதித்துவிட்டு, மன்னிக்கும்படி தானே பரிந்துரைத்தது. மக்களோ கொதித்துக் கிடந்தார்கள், மன்னர் இரண்டாம் ஜார்ஜ் இறங்கிவரவில்லை. அந்த வேளையில் மக்களவையில் எழுந்து பிங்கின் உயிருக்காக வாதாடியவர் டாஷ்வுட். அதனால் அவருக்கு ஓட்டும் இல்லை, பதவியும் இல்லை. 1757 மார்ச் 14 அன்று போர்ட்ஸ்மத்தில், 'மோனார்க்' கப்பலின் மேல்தளத்தில் பிங்கைச் சுட்டுக் கொன்றார்கள்.