நீலம் நீலமாகவே இருக்கட்டும்

பாறசாலையைத் தாண்டினால் களியக்காவிளை. நடுவே மாநில எல்லை. 1956 நவம்பர் 1-ம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்தவர்கள் இந்த எல்லைக் கிராமங்களில் நிறைய. இரண்டு எழுத்தும் படிக்கத் தெரியாத முதியவர்களும் உண்டு. கடையில் பால் வாங்கும்போது அவர்கள் படிப்பது நிறத்தைத்தான்.

‘ஒரு நீலம்’ என்றால் போதும். கேரளத்தின் மில்மாவிலும் தமிழகத்தின் ஆவினிலும் நீலப் பை என்றால் சமன்படுத்திய பால். கொழுப்பு 3 சதவீதம். ஆவினில் பச்சை என்றால் 4.5, ஆரஞ்சு என்றால் 6. மில்மாவின் மஞ்சளில் கொழுப்பு குறைவு. ஆக, நிறம் வெறும் அலங்காரமல்ல. விலையும் அதுதான், கொழுப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டரின் சீட்டும் அதுதான்.

ஆனால் ஒரு நிறத்தை எல்லா இடத்திலும் அதே நிறமாக வைத்திருப்பது லேசான காரியமல்ல. காகிதம் மையை உறிஞ்சும், பிளாஸ்டிக் உறிஞ்சாது. செல்போன் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சகமோ வெளிர்நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு மைகளை நம்பியிருக்கிறது. திரையில் பளிச்சிடும் பச்சை இந்த நான்கு மைகளில் மங்கிப் போகும். அதனால்தான் முக்கியமான நிறத்துக்குத் தனி மை கலக்கிறார்கள். 1963-ல் அமெரிக்காவின் பேன்டோன் நிறுவனம் ஒவ்வொரு நிறத்துக்கும் எண் கொடுத்ததும் இதற்காகத்தான். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நீலம் வெயிலில் வேறாகத் தெரியலாம். எனவே கண்ணை மட்டும் நம்பாமல் கருவியால் அளக்க வேண்டும். நமது தேசியக் கொடியின் காவிக்கும் பச்சைக்கும் கூட 1951-ல் வெளிவந்த இந்தியத் தர விதியில் எண் அளவுகள் உண்டு.

மில்மாவின் கீழ் மூன்று மண்டல ஒன்றியங்கள். மாநிலம் முழுக்கப் பையும் தரமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று 2023-ல் தான் மாற்றம் கொண்டு வந்தார்கள். பச்சை ‘ரிச்’ ஆனது, மஞ்சள் ‘ஸ்மார்ட்’ ஆனது. பழகிய நிறத்துக்கு மதிப்பு இருப்பது போலிகளுக்கும் தெரியும். மில்மாவைப் போன்ற பெயரிலும் பையிலும் பால் விற்ற ஒரு தனியார் நிறுவனத்துக்கு 2025-ல் திருவனந்தபுரம் வணிக நீதிமன்றம் 1 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

பாறசாலையில் கேரள பால்வளத் துறையின் சோதனைச் சாவடி இருக்கிறது. ஓணம் நெருங்கினால் எல்லை தாண்டி வரும் பாலுக்குக் கெடுபிடி கூடும். உள்ளே இருக்கும் பாலை அங்கே சோதிப்பார்கள். வெளியே இருக்கும் நிறத்தைச் சோதிப்பது கடை வாசலில் நிற்கும் பாட்டியின் கண். அச்சகத்தில் மை கொஞ்சம் மாறினால் அவருக்கு அது வேறு பால்.