கறுப்புத் திரை வந்தால் உடனே ஃபோமட்டா?



விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கிறது. காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கம் வீடுகளில் கிடக்கும் பழைய லெப்டொப்கள் பலவற்றில் அது ஏறாது. அதனால் ஐசிடி படிக்கும் பிள்ளைகள் லினக்ஸ் போட்டுப் பார்க்கிறார்கள். நல்ல விடயம்.

ஆனால் நிறுவியபின் பூட் ஆகவில்லை என்றதும், "இது சரிவராது, ஃபோமட் அடிப்போம்" என்கிறோமே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

பெரும்பாலும் லினக்ஸ் டிஸ்கில் பத்திரமாகவே இருக்கும். அதைத் தொடக்கிவிடும் கிரப்பில்தான் கோளாறு.

நேரே விண்டோஸ் வருகிறதா? பயோஸில் பூட் வரிசையை மாற்றுங்கள்.

பூட் ஆக எதுவுமில்லை என்கிறதா? லெகசி முறையில் நிறுவிய லினக்ஸ், யூஈஎஃப்ஐ முறையிலுள்ள கணினிக்குத் தெரியாது. இரண்டும் ஒரே முறையில் இருக்க வேண்டும்.

'கிரப் ரெஸ்கியூ' என்று நிற்கிறதா? நிறுவிய அதே பென் டிரைவில் லைவாக ஏறி, கிரப்பை மட்டும் திரும்ப நிறுவலாம். பிள்ளையின் செயற்றிட்டம், வாப்பாவின் கடைக் கணக்கு, குடும்பப் படங்களையும் அப்போதே வேறிடத்தில் பிரதி எடுக்கலாம். ஃபோமட் அடித்தால் அவையும் சேர்ந்தே போகும்.

வினாவை வாசிக்காமல் விடை எழுதினால் வகுப்பில் ஏசுகிறோம். திரையிலுள்ள பிழைச்செய்தியை வாசிக்காமல் டிஸ்கை அழிப்பதும் அதே பிழைதான்.

பெற்றோரே, அடுத்த முறை கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுமுன், அந்த ஒரு வரியைப் பிள்ளையை வாசிக்க விடுங்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது.