பழகுவது குழாயா, புகைப்பவரா?

புதிய மண்சட்டி வாங்கி வந்த அன்றே அதில் மீன் ஆணம் காய்ச்சும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. கஞ்சித் தண்ணீரை ஊற்றி வைத்து, இளந்தீயில் சூடேற்றி, சில நாட்கள் பழக்கிய பின்னரே சட்டி சமையலுக்கு ஏறும். பிரையர் என்னும் மரத்தில் கடைந்த புகைக்குழாய்க்கும் இவ்வாறு ஒரு பழக்குமுறை உண்டு. வெளிநாட்டுப் பரிசுப் பொருட்களோடு இத்தகைய குழாயும் சில வீடுகளுக்கு வந்து சேர்கிறது. சிகரெட்டைக் கண்டால் முகம் சுளிக்கும் பெரியவர்கள்கூட, மெருகேறிய இந்த மரக்குழாயைக் கண்ணாடி அலமாரியில் வைக்க இசைந்துவிடுகின்றனர். புகைக்கும் தம்பிமாரோ, “எப்போதாவது ஒருமுறைதான், புகையை உள்ளே இழுப்பதும் இல்லை” என்கின்றனர். இவ்விரு சமாதானங்களையும் சற்றே நிறுத்துப் பார்ப்போம்.

மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நிலங்களில், குறிப்பாக அல்ஜீரியா, கோர்சிகா, இத்தாலியின் கலாப்ரியா ஆகிய இடங்களில், எரிக்கா ஆர்போரியா என்னும் புதர்மரம் வளர்கிறது. அதன் வேரும் தண்டும் சேருமிடத்தில் திரளும் முடிச்சே பிரையர். அது குழாய்க்கு ஏற்ற அளவு பருக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். தோண்டியெடுத்து, அறுத்து, பல மணி நேரம் நீரில் வேகவைத்துத் துவர்ப்பை நீக்கி, மாதக்கணக்கில் உலர்த்துவர். எளிதில் தீப்பற்றாத இம்மரத்தில் குழாய் செய்யும் தொழில், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சின் ஜூரா மலைப்பகுதியிலுள்ள சான் குளோத் நகரில் வேர்விட்டது. கைவினை என்ற அளவில் அதன்மீது நமக்குப் பகை ஏதும் இல்லை.

புதிய குழாயை முழுவதும் நிரப்பிப் புகைக்கலாகாது என்பதே அதில் தேர்ந்தோர் சொல்லும் முதற்பாடம். மூன்றில் ஒரு பங்கு புகையிலையை இட்டு, மெல்ல மெல்ல, அடிவரை எரியவிட வேண்டும். சில முறை சென்றபின் பாதி; அதன்பின் முக்கால்; இறுதியில்தான் முழு அளவு. அவசரமாக இழுத்தால் மரம் கருகித் துளைபடும், நாக்கும் காந்தும். நிதானமாக எரிந்தால் உட்சுவரில் கரிப்படலம் படிந்து, மரத்தை நெருப்பிலிருந்து காக்கும். படலம் ஒரு நாணயத்தின் கனம் இருந்தால் போதுமானது. அது மிகுந்தால் கரியும் மரமும் சூட்டில் வெவ்வேறு அளவில் விரிந்து கிண்ணம் வெடித்துவிடும் என்பதால், அவ்வப்போது சுரண்டி எடுப்பர். ஒருமுறை புகைத்தபின் குழாயை ஒரு நாளேனும் உலரவிட வேண்டும். சூடு தணியுமுன் வாய்க்குழலைக் கழற்றக் கூடாது. படலம் விரைந்து பிடிக்க உட்புறம் தேன் தடவச் சொல்வோரும் உளர். தேனுக்கு இதைவிட நல்ல பயன்கள் உண்டு என்பது நம் கருத்து!

இந்த ஒழுங்குமுறையை மீண்டும் ஒருமுறை பாருங்கள். கரிப்படலம் இரண்டு மூன்று முறையில் படிந்துவிடாது. ஆகவே, “எப்போதாவது” என்று தொடங்கியவர், குழாய் பழகவேண்டும் என்பதற்காகவே அடுத்தடுத்த நாட்களில் புகைக்க வேண்டியவராகிறார். குறைந்த அளவில் தொடங்குதல், சீராகத் தொடர்தல், படிப்படியாக அளவைக் கூட்டுதல்: நிகோடின் ஒருவரைத் தன்வசப்படுத்தும் வழியும் இதுவேயன்றோ? மரம் தேறுவதற்குள் மனிதர் தேறிவிடுகிறார். உட்புறம் முன்பே கரி பூசி விற்கப்படும் குழாய்களும் உள்ளன. அங்கே மரத்திற்கான பயிற்சி குறையலாம், மனிதருக்கான பயிற்சி குறைவதில்லை. பழக்குதல், பழக்கம் என்னும் இரு சொற்களுக்கும் நம் மொழி ஒரே வேரைத் தந்திருக்கிறது.

அடுத்தது, “உள்ளே இழுப்பதில்லை” என்னும் சமாதானம். குழாய்ப் புகை பெரும்பாலும் சிகரெட் புகையைவிடக் காரத்தன்மை மிகுந்தது. அதனால் நுரையீரலை எட்டாமலே, வாயின் உட்தோல் வழியாகவே நிகோடின் இரத்தத்தில் கலக்கிறது. குழாய் புகைப்போரிடம் உதட்டுப் புற்றுநோய் காணப்படுவதை ஜெர்மானிய மருத்துவர் சோமரிங் 1795ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார். அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலரின் 1964ஆம் ஆண்டு அறிக்கையும் உதட்டுப் புற்றுநோய்க்குக் குழாய் ஒரு காரணம் என்று ஏற்றுக்கொண்டது. வெனிலாவும் செர்ரியும் மணக்கும் புகையிலையைக் குழந்தைகள் இருக்கும் கூடத்தில் புகைப்போர், மணம் நல்லதாயின் புகையும் நல்லது என்று எண்ணிவிடுகின்றனர். அப்புகையைச் சுவாசிக்கும் பிள்ளைகளுக்குத் தீங்கு தீங்குதான்.

மார்க்க அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு இருந்ததை நாம் மறைக்க வேண்டியதில்லை. உதுமானிய சுல்தான் நான்காம் முராத் 1633இல் புகையிலையைத் தடைசெய்து, மீறியோருக்கு மரண தண்டனையும் விதித்தார். அதே நூற்றாண்டில் திமிஷ்கின் அறிஞர் அப்துல் ஙனி நாபுலுஸி, புகையிலை ஆகுமானதே என நிறுவ ஒரு நூலே எழுதினார். இன்று குழாயை ஆதரிப்போர் அவர் பெயரை எடுத்துக்காட்டுவர். ஆனால் அவர் எழுதியபோது சோமரிங்கின் குறிப்பு வெளிவர ஒரு நூற்றாண்டுக்கும் மேல் இருந்தது. தீங்கு அறியப்படாத காலத்தின் தீர்ப்பைத் தீங்கு அறிந்த காலத்தில் கேடயமாக்குவது அப்பெருந்தகைக்கே நீதியாகாது. ஹராமா, மக்ரூஹா என்பதை உங்கள் ஆலிம்களிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள். பச்சை வெங்காயமும் பூண்டும் உண்டு வாடையோடு பள்ளிக்கு வருவதையே நபியவர்கள் (ஸல்) தடுத்தார்கள் என்பதையும், குழாய்ப் புகை தாடியிலும் ஆடையிலும் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதையும் அப்போது சேர்த்தே கேளுங்கள்.

பரிசாக வந்த குழாய் இன்னும் பற்றவைக்கப்படாமல் இருந்தால், அப்படியே இருக்கட்டும். ஒருமுறையும் புகைக்காத குழாய்க்கே சேகரிப்போரிடம் விலை கூடுதல். முதல் நெருப்போடு அம்மதிப்பு இறங்கிவிடும். ஏற்கெனவே பழகிவிட்டவரை அவருடைய பிள்ளைகள் முன்னிலையில் இடித்துரைக்க வேண்டாம். அவர் அதை மாடிக்கும் தெருமுனைக்கும் கொண்டு செல்வாரேயன்றிக் கைவிடமாட்டார். இந்தியாவில் வாழ்வோருக்குப் புகையிலையை விட உதவும் தேசிய ஆலோசனை எண் 1800-11-2356. அழைப்புக்குக் கட்டணம் இல்லை.