பஞ்சு வைத்த ஜாக்கெட்டும் ஹீட் பிரஸ்ஸும்

சாலை போடுவோரும் ரயில் பாதையில் வேலை செய்வோரும் குளிர் தேசங்களில் அணிகிற, பஞ்சு வைத்துத் தைத்த ஒளிர்நிற ஜாக்கெட்டுகளில் கம்பெனியின் பெயரை வினைலில் வெட்டி ஒட்டித் தருவது, பனியனில் ஸ்டிக்கர் ஒட்டுவதைப் போன்ற காரியந்தான் என்ற அபிப்பிராயம் நம் தொழிலில் வேரூன்றியிருப்பதையும், அதனாலேயே நல்ல ஜாக்கெட்டுகள் பாழாவதையும் கருதி, இவ்விஷயத்தைச் சற்று விரிவாக எழுதுவது அவசியமாகிறது.

பருத்திப் பனியன், சாதாரண வினைல் கேட்கும் 150, 160 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தைப் பதினைந்து விநாடி தாராளமாகத் தாங்கும். இந்த ஜாக்கெட்டின் மேல்துணியோ பெரும்பாலும் பாலியூரித்தேன் பூசிய பாலியெஸ்டர். உள்ளிருப்பதும் பாலியெஸ்டர் பஞ்சுதான். தலையணையின் மேல் தாளை வைத்து முத்திரை குத்துவதுபோல, பஞ்சு அமுங்கிக்கொடுக்கக் கொடுக்க, பசை இழைக்குள் இறங்குவதற்கு வேண்டிய அழுத்தம் கிடைக்காமல் போகிறது. இதற்கு ஈடாக ஆபரேட்டர் அழுத்தத்தையும் சூட்டையும் கூட்டும்போது, அமுங்கிய பஞ்சு அமுங்கியபடியே இறுகி, தட்டின் விளிம்பு முதுகில் நிரந்தரமாகப் பதிவதோடு, காற்றைத் தேக்கிக் குளிரைத் தடுத்துவந்த சக்தியையும் அவ்விடம் இழந்துவிடுகிறது.

சாயத்தின் உபத்திரவம் வேறு. பிரஸ்ஸிலிருந்து எடுக்கும்போது பளிச்சென்றிருந்த வெள்ளை எழுத்து, ஆரஞ்சுத் துணியின் மேல் சில நாட்களில் இளஞ்சிவப்பேறி நிற்பதைக் காணாத பட்டறை அபூர்வம். பாலியெஸ்டருக்கு ஏற்றும் டிஸ்பர்ஸ் சாயம் சூட்டில் கிளம்பி வினைலுக்குள் ஏறுவதே இதற்குக் காரணமாதலால், 120, 130 டிகிரியில் ஒட்டக்கூடியதும் சாயத்தைத் தடுக்கும் அடுக்கு கொண்டதுமான வினைலை, விலை கூடுதலானாலும், வாங்கத்தான் வேண்டும். நீர் ஒட்டாத பூச்சுள்ள துணியானால், ஒரு துண்டில் ஒட்டி, ஒரு நாள் ஆறவிட்டுத் துவைத்துப் பரீட்சித்த பிறகே ஆர்டரை ஒப்புக்கொள்வது உசிதம்.

லைனிங்கில் ஜிப் வைத்த ஜாக்கெட்டானால், அதைத் திறந்து, மேல்துணியை மட்டும் கீழ்த்தட்டின் மேல் இழுத்து, பஞ்சு தட்டுக்கு அடியில் தொங்கும்படி விட்டு ஒட்டலாம். பாதித் தொல்லை அத்துடன் தீரும். பஞ்சும் மேல்துணியும் சேர்த்துத் தைத்திருந்தால் இந்த உபாயம் பலிக்காது. நம்மைக் கேட்டால், தைப்பதற்கு முன்பே, வெட்டிய துண்டாக இருக்கும்போதே ஒட்டிவிடுவதுதான் உத்தமம் என்போம். தையல் கம்பெனியோடு இதைப் பேசி முடிக்க நம்மவர்கள் தயங்குவதற்கு நியாயமான காரணம் எதுவும் தெரியவில்லை.

எல்லாவற்றிலும் பிரதானமானது வேறொன்று. ஐரோப்பாவின் ஈ.என். ஐ.எஸ்.ஓ. 20471 தரவிதி, மூன்றாம் வகுப்பு உடைக்குக் குறைந்தது 0.80 சதுர மீட்டர் ஒளிர்நிறத் துணியும் 0.20 சதுர மீட்டர் ரிஃப்ளெக்டிவ் பட்டையும் வெளியே தெரிய வேண்டுமென்கிறது. முதுகு நிறைய ஒட்டும் எழுத்து அந்தப் பரப்பைத் தின்கிறது. சிறிய சைஸ்களில், ஒரு பெரிய லோகோவே உடையைக் கீழ் வகுப்புக்குத் தள்ளக்கூடும். பட்டையில் பதிந்திருக்கும் நுண்ணிய கண்ணாடி மணிகளோ, வண்டியின் விளக்கொளியை ஓட்டுநரின் கண்ணுக்கே திருப்பியனுப்பி, இருளில் நிற்கும் தொழிலாளியின் பிராணனைக் காப்பவை. அவற்றின் மேல் சூடான தட்டை இறக்குவது பெருந்தவறு. ஆகவே, லோகோவின் அளவை முடிவு செய்யுமுன் மிஞ்சும் பரப்பை உற்பத்தியாளரிடம் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். பட்டையின் மேல் எழுத்துக் கேட்கும் ஆர்டரை, அது எவ்வளவு பெரிதானாலும், திருப்பியனுப்புங்கள்.