வாயுள்ள பிள்ளை பிழைக்கும்



சரக்கு பிடிப்பதிலும், கடன் கொடுத்து வசூலிப்பதிலும் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிருபர் வந்து மைக்கை நீட்டிவிட்டால் நம்மில் பலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஒருவர் "எனக்கு ஒன்றும் தெரியாது, சங்கத்தைக் கேளுங்கள்" என்று ஒதுங்குகிறார். இன்னொருவர் கோபத்தில் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசிவிடுகிறார். மறுநாள் அந்த நாலு வார்த்தைதான் தலைப்புச் செய்தி.

பெரிய கம்பெனிகள் இதற்கென்றே மக்கள் தொடர்புத் துறை வைத்திருக்கின்றன. பேட்டி கொடுப்பது எப்படி என்று அதிகாரிகளுக்குப் பயிற்சியும் தருகின்றன. அந்தப் பயிற்சி நம் சங்கங்களுக்கும் வேண்டும் என்பது என் கருத்து.

2003 அக்டோபரில் மும்பையில் காட்பரி சாக்லேட்டில் புழு இருப்பதாகப் புகார் எழுந்தது. தீபாவளி விற்பனை நேரம். தொழிற்சாலையில் புழு வர வாய்ப்பில்லை, கடைகளில் சரியாக வைக்காததே காரணமாக இருக்கலாம் என்று கம்பெனி சொன்னது. பழி முதலில் யார் தலையில் வந்து விழுந்தது பாருங்கள்! பிறகு 2004 ஜனவரியில் அதே கம்பெனி உறையை மாற்றியது. சாக்லேட்டைப் பாதுகாப்பாக வைப்பது பற்றிக் கடைக்காரர்களுக்குச் சொல்லித்தர ஒரு திட்டம் வகுத்தது. அமிதாப் பச்சனை விளம்பரத்தில் நிறுத்தியது. இழந்த பெயரை மீட்டுக்கொண்டது. அவர்களிடம் பேச ஆள் இருந்தது, பணமும் இருந்தது. பெட்டிக்கடைக்காரருக்காகப் பேச எந்த மக்கள் தொடர்பு அதிகாரி இருக்கிறார்? அந்த இடத்தில் நிற்க வேண்டியது சங்கம்தான்.

அடுத்தது நம் அரிசி. 2017 ஜூனில் "பிளாஸ்டிக் அரிசி" என்ற வதந்தி ஆந்திரம், தெலங்கானா, தமிழ்நாடு எங்கும் வாட்ஸ்அப்பில் பரவியது. சோற்றை உருட்டிப் பந்துபோல் தரையில் அடித்துக் காட்டினார்கள். மக்கள் அரிசியைக் கையில் எடுத்துச் சந்தேகமாகப் பார்த்தார்கள். இதற்குப் பதில் சொல்ல விஞ்ஞானி வேண்டுமா? சோற்றில் மாவுச்சத்து இருக்கிறது, பிடித்து உருட்டினால் ஒட்டும், உருண்டை எழும்பவும் செய்யும். தீயில் போட்டால் அரிசியும் கருகி எரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிளாஸ்டிக்கை உருக்கி அரிசியாக்கினால் சாதாரண அரிசியை விட அடக்க விலை கூடும். நஷ்டத்துக்குக் கலப்படம் செய்வார் யார்? அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் இது. இப்படிப் பதில் சொல்ல ஊருக்கு ஓர் ஆள் தயாராக இருந்தால் வதந்தி பாதியிலேயே நின்றுவிடும்.

மூன்றாவது, அன்றாடம் நடப்பது. அதிகாரி கடைக்கு வந்து மாதிரி எடுக்கிறார். மாலையே "கலப்படப் பொருள் சிக்கியது" என்று செய்தி வந்துவிடுகிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டப்படி, மாதிரியை நான்கு பங்காகப் பிரிக்க வேண்டும். பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். வணிகர் கேட்டுக்கொண்டால் ஒரு பங்கு அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்குப் போகும். அதாவது மாதிரி எடுத்ததாலேயே குற்றம் முடிவாகிவிடாது. இதை நிருபரிடம் நிதானமாகச் சொல்ல வேண்டும்: "மாதிரி எடுத்திருக்கிறார்கள். முடிவு வரும்வரை அந்தச் சரக்கை விற்பனையிலிருந்து ஒதுக்கி வைத்துவிட்டோம். கொள்முதல் பில் இதோ இருக்கிறது." இந்த மூன்று வாக்கியம் ஒரு கடையின் மானத்தைக் காக்கும்.

பயிற்சியில் கற்க வேண்டியவை அதிகமில்லை. சங்கத்தின் சார்பில் பேச இருவரை முன்கூட்டியே நியமிக்க வேண்டும். மற்றவர்கள் நிருபரை அவர்களிடம் அனுப்ப வேண்டும். செய்தி வந்த அன்றே அரைப் பக்க அறிக்கை தர வேண்டும், நாலாம் நாள் தரும் விளக்கம் குப்பைக்குத்தான் போகும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்போது சொல்வோம் என்ற நேரத்தையும் சொல்ல வேண்டும். நிருபரிடம் எரிந்து விழக்கூடாது. பத்திரிகையில் தவறாக வந்தால் முதலில் ஆசிரியருக்கு மறுப்பு எழுத வேண்டும். அவர் வெளியிட மறுத்தால் இந்தியப் பத்திரிகை மன்றத்தில் புகார் செய்ய வழி இருக்கிறது.

"என்ன சொன்னாலும் திரித்துத்தான் போடுவார்கள்" என்பார் சிலர். நாம் பேசாவிட்டாலும் செய்தி வரத்தான் போகிறது. அப்போது அதில் எதிர்த் தரப்பு மட்டுமே இருக்கும். கடையடைப்பு நம் ஒற்றுமையைக் காட்டும் ஆயுதம், மறுப்பில்லை. ஆனால் இழுத்து மூடிய ஷட்டர் எந்த விளக்கமும் சொல்லாது. வாசலில் நிற்கும் வாடிக்கையாளருக்குக் காரணம் தெரியாவிட்டால் அவர் கோபம் நம் மேல்தான் திரும்பும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தப் பயிற்சி குற்றத்தை மூடி மறைக்க அல்ல. கலப்படம் செய்தவர் நம் உறுப்பினரே ஆனாலும் சங்கம் அவருக்காக வாதாடக் கூடாது. ஒருவருக்காகப் பொய் சொன்னால், நாளை ஆயிரம் பேருக்காக உண்மை சொல்லும்போது யாரும் நம்பமாட்டார்கள்.

செலவு பெரிதில்லை. ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் ஒருவரை அழைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் போதும். செல்போனில் பேட்டி எடுத்துப் போட்டுப் பார்த்தால் அவரவர் குறை அவரவருக்கே தெரியும். வரும் மே 5 வணிகர் தினத்துக்குள் ஒவ்வொரு கிளைச் சங்கமும் இருவரையாவது தயார் செய்யட்டும். நல்ல சரக்கு வைத்திருந்தால் மட்டும் போதாது, அது நல்ல சரக்கு என்று நாலு பேர் முன்னால் சொல்லவும் தெரிய வேண்டும்.